தெள்ளுப்பூச்சியும் நீலகிரித் தைலமும்

தில்லியில் கோடை முடிந்ததும் கூலரை மூடிவைப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மூன்று பக்கமும் உள்ள புல் தட்டிகளைக் கழற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். மோட்டாரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டுக் கடைசியில் மொத்தத்தையும் ஒரு பழைய போர்வையால் மூடிக் கயிறு கட்ட வேண்டும். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் வந்ததிலிருந்து இதை என் மனைவிதான் செய்தாள். கயிறு கட்டும்போது மட்டும் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த வருடம் மார்ச் மாதம் அவள் இறந்துபோனாள். தலைவலி என்று உட்கார்ந்தவளுக்கு மூளையில் ரத்தக் கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோடை வந்தது, கூலர் ஓடியது. மழை முடிந்தது, கூலர் நின்றது. யாரும் அதை மூடவில்லை. பின்பக்கத் தட்டி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அக்டோபரில் ஒருநாள் காலை என் மகள் பால்கனியிலிருந்து வந்து, "கூலர்ல பில்லி குட்டி போட்டிருக்கு" என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தில்லியிலேயே பிறந்தவள். அவள் தமிழில் பாதி ஹிந்தி, பூனை அவளுக்கு பில்லிதான்; மீதி அவள் அம்மாவின் கோத்தகிரிப் பேச்சு. என்னிடம் அவள் சொன்னது ஒரு தகவல். அம்மா போனதிலிருந்து அவள் என்னிடம் தகவல்கள் மட்டும்தான் சொன்னாள். கேஸ் தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஸ்கூல் லீவு, பாலில் புளிப்பு அடிக்கிறது. கேள்வி எதுவும் கேட்க மாட்டாள். எங்கள் அமைச்சகத்தில் சில காகிதங்கள் 'தகவலுக்காக' என்று வரும், சில 'கருத்துக்காக' என்று வரும். என் வீட்டில் கருத்துக்காக எதுவும் வருவதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் வராந்தாவில் நின்றுகொண்டு, "அம்மா வந்துருவாங்களாப்பா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணும் ஆகாதும்மா, வந்துருவா" என்றேன். அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருந்தார். அவள் அதை எப்படியோ பின்னால் தெரிந்துகொண்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்கும் அந்த நாட்களில் எதுவும் உறைக்காது. சாம்பாரில் உப்பு இல்லையென்றால் அவள் சொல்லித்தான் தெரியும். ஆபீஸில் கோப்பு வரும், கையெழுத்துப் போடுவேன், கோப்பு போகும். வருத்தமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. யோசித்தாலும் ஒன்றும் அகப்படாது.

குட்டிகள் மூன்று. இரண்டு, தாயைப் போலவே சாம்பல் நிறத்தில் கோடு போட்டவை. மூன்றாவது வெள்ளை, வாலில் மட்டும் சாம்பல். மற்ற இரண்டில் பாதிதான் இருந்தது. தாய்ப்பூனை என் மனைவி தயிர்சாதம் வைத்துப் பழக்கிய பூனையாம். அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒரு மாதம் அது கூலருக்குள்ளேயே குட்டிகளோடு குடித்தனம் நடத்தியது. தீபாவளியன்று காலனியே அதிர வெடி போட்டார்கள். பூனை பால்கனிச் சுவரிலிருந்து குதித்து ஓடியதை மகள் பார்த்திருக்கிறாள். பிறகு அது வரவேயில்லை.

இரண்டு நாள் குட்டிகள் கத்தின. மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஜெராக்ஸ் காகிதம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். கந்தல் துணிக்கென்று கட்டிலுக்கடியில் வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து மடித்துப் போட்டேன். பெட்டியைப் படுக்கையறையில் மகளின் கட்டிலோரம் வைத்தோம். பசும்பால் குட்டிகளுக்கு ஆகாது என்று போனில் பார்த்து அவளே சொன்னாள். குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் உணவை வாங்கி வெந்நீரில் குழைத்து ஊட்டினாள். இரண்டு கோடு போட்டவையும் மொச்சு மொச்சென்று தின்றன. சின்னது நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஒரு வாரத்தில் மகளின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். கொசு என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க கால்லயும் இருக்கு" என்றாள். பைஜாமாவைத் தூக்கினேன். அவளுக்கு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. முழங்கால்வரை வரிசை வரிசையாகக் கடித்துவைத்திருந்தன. எனக்கு அரிக்கவே இல்லை.

அப்போதுதான் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தோம். முடியை விலக்கினால் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்பாக ஏதோ கிடந்தது. நடுவே பழுப்பாக ஒன்று ஓடியது. பிடிக்கப் போனால் தெறித்துக் குதித்தது. தெள்ளுப்பூச்சி. கூலரின் காய்ந்த புல்லில் தாய்ப்பூனையோடு வந்து, குட்டிகளோடு வீட்டுக்குள் குடியேறியிருக்கிறது. சின்னதின் வயிற்றில் மட்டும் ஒரு கூட்டமே இருந்தது. அதைப் பார்த்த மகளின் முகம், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. "இது எதுவுமே சாப்பிட மாட்டேங்குது" என்றாள். அதுவும் தகவல்தான்.

இந்த ஒன்றையாவது நான் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வீட்டில் நீலகிரித் தைலத்துக்கு அடங்காத தொல்லை கிடையாது. என் மனைவிக்குப் பிறந்த வீடு கோத்தகிரி. ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெரிய குப்பி வாங்கிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துவருவாள். சளிக்கு வெந்நீரில் இரண்டு சொட்டு. தலைவலிக்கு நெற்றியில். மகளுக்கு மூக்கடைத்தால் கைக்குட்டையில் விட்டுத் தலையணைக்கடியில் வைப்பாள். மழைக்காலத்தில் தரை துடைக்கும் வாளியில் கொஞ்சம், கொசுவுக்கு ஜன்னலில் கொஞ்சம். எறும்புக்குக்கூட அதுதான். 'உன் தைலத்தைப் பார்லிமெண்டில் தெளித்தால் நாடே உருப்பட்டுவிடும்' என்று நான் அவளைக் கேலி செய்ததுண்டு. அந்த வருடம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. அலமாரியில் இருந்தது முந்தைய மே மாதத்துக் குப்பி. பாதிக்கு மேல் இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் பூச்சி வந்தால் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவள் போனதும் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்து அதில் தைலத்தை விட்டேன். என் மனைவி சொட்டுக் கணக்கில் விடுவாள். நான் மூடியைக் கழற்றிச் சாய்த்தேன். மூன்று குட்டிகளுக்கும் கழுத்திலிருந்து வால்வரை தேய்த்தேன். பூச்சிகள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. திருப்தியாக இருந்தது. சின்னதுக்கு மட்டும் பூச்சி அதிகம் என்று இன்னொரு கை கூடவே தேய்த்தேன். பிறகு வாளித் தண்ணீரில் தாராளமாக ஊற்றி இரண்டு அறை, கூடம், சமையலறை, பால்கனி என்று மூன்று தடவை துடைத்தேன். மெத்தையோரங்களில் தடவினேன். மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் முழுதாகச் செய்து முடித்த முதல் வேலை அது. கண் கொஞ்சம் எரிந்தது. வாசனை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு மகள் வந்தாள். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள். பிறகு ஷூவைக் கழற்றாமல், பையை இறக்காமல், என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு நிமிடம் நின்றாள். பின்பக்கப் பால்கனியைப் பார்த்தாள். பாத்ரூம் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திரும்பி வந்து கூடத்தில் நின்று, "தைலமா" என்றாள்.

அவள் யாரைத் தேடினாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வாசனையும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீடு முழுக்க அவள் அம்மா இருந்தாள்.

 அதற்குள் அவள் படுக்கையறைக்குப் போய்விட்டாள். "ப்பா, ஜல்தி வாங்க" என்று குரல் வந்தது. பெட்டியில் கோடு போட்டவை இரண்டும் எழுந்து நிற்க முயன்று தள்ளாடி விழுந்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. சின்னது பக்கவாட்டில் கிடந்தது. தொட்டால் குளிர்ந்திருந்தது.

மோதி பாக் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோ பிடித்தோம். பெட்டி அவள் மடியில். சிக்னலில் நின்றபோது அவள் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சின்னது செத்துடுமாப்பா?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஒண்ணும் ஆகாது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"தெரியலம்மா. நான் தேய்ச்ச தைலத்தாலதான் இப்படி ஆயிருக்கு. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியை நகர்த்தி அதன் ஒரு பாதியை என் முழங்கால்மேல் வைத்தாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. நாங்கள் உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுளித்து, "யூகலிப்டஸா?" என்றார். என்னை எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து ஒவ்வொன்றாக எண்ணெய் போகக் கழுவினார், கண்ணிலும் காதிலும் படாமல். துவட்டி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே படுக்கவைத்தார். கை வேலை பார்க்கப் பார்க்க, ஹிந்தியில் எனக்கு விளக்கினார்.

"பாய் சாஹப், பூனை நாக்காலதான் குளிக்கும். மேல எதைத் தடவினாலும் அது வயித்துக்குள்ளதான் போகும். தோல் வழியாவும் போகும். நமக்கு மருந்தா இருக்கிற தைலமெல்லாம் இதுங்க உடம்பு செரிக்காது. நீலகிரித் தைலம், வேப்பெண்ணெய், கற்பூரம், எதுவுமே வேண்டாம். நாய்க்குப் போடற பூச்சி மருந்தை மறந்தும் போட்டுடாதீங்க. அதுல பூனை செத்தே போகும்."

பிறகு சின்னதின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. தைலம் ஒருபக்கம் இருக்க, பூச்சிகள் ஏற்கெனவே அதன் ரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருக்கின்றன. மிளகுத்தூள் என்று நான் நினைத்ததை ஈரப் பஞ்சில் வைத்துக் காட்டினார். அது சிவப்பாகக் கரைந்தது. சின்னதைச் சில நாள் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிழைக்குமா என்று மகள் கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன் பேட்டா" என்றார். எனக்கு அந்தப் பதிலின் மேல் மரியாதை வந்தது.

வீட்டுக்குச் செய்ய வேண்டியதையும் அவரே சொன்னார். முதல் வேலை, தைலம் மணக்காமல் போகும்வரை எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. குட்டிகள் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும். அடுத்தது பூச்சி. குட்டிமேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் முட்டையும் புழுவும் கூடுமாகத் துணியிலும் தரை இடுக்கிலும் இருக்கும். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் துவைக்க வேண்டும். தினமும் வாக்குவம் க்ளீனர் போட்டு, அதன் பையைக் கட்டி வெளியே எறிய வேண்டும். குட்டிகளை நெருக்கமான பல் உள்ள சீப்பால் சீவி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். கூட்டுக்குள் இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும், அதனால் நின்றுவிட்டது என்று நினைத்தாலும் சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். குட்டிகளின் எடை கூடியதும் பூனைக்குரிய மருந்தைத் தானே அளந்து கழுத்தில் விடுவதாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, மீதி இரண்டு குட்டிகளையும் புதுத் துண்டோடு பாத்ரூமில் விட்டேன். பால்கனியில் வாளி வைத்து இம்மர்ஷன் ராடு போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, கடைசியில் பெட்டியில் கிடந்த நூல் சேலை. அதை முக்கப் போனபோது மகள் பால்கனி வாசலில் வந்து நின்றாள்.

"அது அம்மா கூலர் மூடறப்ப கட்டிக்கிற சேலை" என்றாள்.

கந்தல் மூட்டையில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறேன். அதைக்கூட நான் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. "துவைக்கணும்மா" என்றேன். "தெரியும்" என்றாள். என் கையிலிருந்த குச்சியை வாங்கி அவளே உள்ளே அமுக்கினாள்.

தரையை அன்றிரவும் மறுநாளும் அதற்கு மறுநாளும் துடைத்தேன். நான் மூன்று தடவையில் கொண்டுவந்த வாசனையை எடுக்க ஒன்பது தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுப் போனாள். நான்தான் துடைத்தேன். சோப்பு, தண்ணீர், பிழிந்த துணி. கை பாட்டுக்கு வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்து, சின்னது இன்னும் இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை தானாக இரண்டு வாய் தின்றது என்றார். புதன்கிழமை அதைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஒரு பிடிதான் இருந்தது. தூக்கினால் கத்தத் தெரிந்தது. மகள் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். பிறகு தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதுதான் அவளுக்கு முதல் வேலை.

கீழ் வீட்டுக்காரர்களிடம் வாக்குவம் க்ளீனரை இரவல் வாங்கிவைத்திருந்தோம். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளையும் மெத்தைகளையும் மொட்டைமாடியில் வெயிலில் போட்டோம். பூச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு அறை அறையாக மெதுவாக நடக்க வேண்டும், குதித்து ஏறுபவை வெள்ளையில் தெரியும். என்னிடம் இருப்பவை எல்லாம் ஆபீஸுக்கான கருப்பு. அதனால் மகள் பள்ளிக்கூட சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாள். நான் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அவள் காலருகே குனிந்துகொண்டே பின்னால் போவேன். முதல் நாள் பதினொன்று. ஒரு வாரத்தில் நான்கு. பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் மறுபடி மூன்று. "கூட்டுலேர்ந்து வந்திருக்கும்" என்றாள் டாக்டரின் குரலில். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

அந்த வாரம்தான் ஆபீஸில் ஒரு மீட்டிங் நடுவே என் கணுக்கால் அரித்தது. மேஜைக்கடியில் குனிந்து சொறிந்தேன். நன்றாகவே அரித்தது.

டிசம்பரில் பூச்சி நின்றது. சாக்ஸ் வெள்ளையாகவே திரும்பி வந்தது. எடை கூடிய மூன்று குட்டிகளுக்கும் டாக்டர் மருந்து விட்டார். வீட்டில் எந்த வாசனையும் இல்லை.

மகளுக்குச் சளி பிடித்ததும் அப்போதுதான். தில்லிக் குளிரில் வருடா வருடம் வருவதுதான். மூக்கால் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். "தைலம் வேண்டாம். இதுங்களுக்கு ஆகாது" என்றாள், நான் ஒன்றும் சொல்லாமலே. டாக்டர் குப்பியைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் எறிந்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுக் கீழ வா" என்றேன்.

குப்பி ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. வீட்டில் வைக்கக் கூடாது, எறியவும் முடியவில்லை. அன்றைக்கே மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி அங்கே வைத்துப் பூட்டியிருந்தேன். எடுத்துக்கொண்டு எதிரேயுள்ள பார்க்குக்குப் போனோம். வெயில் விழுந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டேன், சொட்டுக் கணக்கில். அவள் முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அம்மா இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரில ஏன் அப்படிச் சொன்னீங்க? வந்துருவான்னு?"

"டாக்டர் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதை உங்கிட்ட சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. தப்புதான்."

அவள் கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி முகர்ந்தேன். என் மனைவி சமையலறையில் நின்றாள், கூலரின் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், மகளின் தலையணையைத் தூக்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பார்க்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் குப்பியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பாதிக்கு மேல் இருந்த குப்பியில் இரண்டு விரற்கடைதான் மீதி. மற்றதையெல்லாம் ஒரே காலையில் நான் தரையில் கொட்டித் துடைத்திருந்தேன்.  அவள் மூடியை இறுக்கினாள்.

"சளி பிடிச்சா மட்டும்" என்றாள்.

"சரி" என்றேன்.

குப்பியையும் கைக்குட்டையையும் டிக்கியில் வைத்துப் பூட்டினோம். பார்க் குழாயில் சோப்புப் போட்டு இருவரும் முழங்கைவரை கழுவிக்கொண்டோம். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கழுவச் சொன்னாள். கழுவிக்கொண்டு மாடிக்குப் போனோம்.